கைவேலையும் கல்வியும்

 

பேண்டு வாத்தியம் முழங்க மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துச் சென்ற காலத்தை உங்களில் மூத்தோர் கண்டிருப்பீர்கள். பல ஊர்களில் ஜமாஅத்தார் அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டனர். அந்த வாத்தியக்காரர்களுக்கு நடுவே ஒருவர், நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் ஊதிக்கொண்டு வருவார். தள்ளும்போது குழாய் தம்மீது இடித்துவிடுமோ என்று பிள்ளைகள் விலகி ஓடுவார்கள். அக்கருவிக்கு டிராம்போன் என்று பெயர். இம்மாதம் நான் உங்களோடு பேச விரும்புவது, அக்கருவியை வாசித்த ஓர் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசை மார்க்கத்தில் எவ்வளவு ஆகும், எவ்வளவு ஆகாது என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்தை ஆலிம் பெருமக்களிடமே விட்டுவிடுகிறேன். ஒரு பெண்பிள்ளை ஒரு வேலையைக் கைப்பழக்கமாகக் கற்பதற்கும், அதன் வேர்வரை சென்று கற்பதற்கும் உள்ள வேறுபாட்டையே நான் இங்கே பேச எடுத்துக்கொண்டேன்.

இப்பெண்மணியை நான் அறிந்ததும் ஒரு சுற்றுவழியில்தான். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டின் கடைசியில், வங்காளத்து ஹூக்ளிப் பகுதியிலிருந்து முஸ்லிம் வியாபாரிகள் சிலர் கப்பலேறி அமெரிக்கா சென்றார்கள். சிக்கன் பூவேலை செய்த பட்டுத்துணிகளைத் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். அவர்களில் சிலர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பினப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டனர். மொக்ஸத் அலீ என்பவர் அத்தகையோருள் ஒருவர். அவருடைய புதல்வர் பார்டு அலீ, பின்னாளில் அமெரிக்க வாத்தியக் குழுக்களின் தலைவராகப் பெயர் பெற்றார். 1942ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் லிங்கன் நாடக அரங்கில் அவர் நடத்திய குழுவில் பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி டிராம்போன் வாசித்தாள் என்று படித்தேன். பூவேலைத் துணி விற்ற நம் நாட்டவர் ஒருவரின் மகன் வேலை கொடுத்த அந்தச் சிறுமி யார் என்று அறிய ஆவல் கொண்டேன். அவர்தாம் மெல்பா லிஸ்டன்.

தாயின் சம்மதம்

மெல்பா 1926ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள், மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் பிறந்தார். தாயாரும் தாய்வழிப் பெரியோரும் அவரை வளர்த்தனர். ஏழு வயதானபோது, இசைக்கருவி விற்போர் சிலர் பள்ளிக்கு வந்து கருவிகளைக் காட்டினர். அவற்றுள் டிராம்போனைக் கண்ட மாத்திரத்தில், அதுதான் வேண்டும் என்று சிறுமி பிடிவாதம் செய்தாள். அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய ஆண்டுகள் அவை. வேலையும் வருவாயும் அற்றுக் குடும்பங்கள் தவித்தன. கறுப்பின மக்களின் நிலை இன்னும் மோசம். தன் உயரத்துக்கு நிகரான கருவியைக் கேட்கும் பிள்ளைக்கு, அப்படிப்பட்ட காலத்தில் மறுப்புச் சொல்லக் காரணத்தைத் தேட வேண்டியதே இல்லை. ஆயினும் தாயார் வாங்கிக் கொடுத்தார்.

டிராம்போனின் அமைப்பைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் அச்சிறுமி மேற்கொண்ட உழைப்பு விளங்கும். புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் விரல் வைக்கத் துளைகள் உண்டு. ஆர்மோனியத்தில் கட்டைகள் உண்டு. டிராம்போனில் இவை ஒன்றும் இல்லை. விரித்து நீட்டினால் ஏறத்தாழ ஒன்பது அடி நீளம் வரக்கூடிய குழாயை வளைத்துச் செய்திருக்கிறார்கள். உதடுகளை அதிரச் செய்து ஊத வேண்டும். நகரும் குழாயைத் தள்ளத் தள்ளக் காற்று செல்லும் வழி நீண்டு, சுருதி தாழும். இதற்கு ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் அரைச் சுரம் இறங்கும். நிலை எங்கே இருக்கிறது என்பதற்குக் குழாயில் அடையாளம் எதுவும் இராது. வயலின் வாசிப்பவரைப் போலக் காதால் கேட்டே இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏழாம் நிலைக்குக் கையை முழுவதும் நீட்ட வேண்டும். மெல்பாவின் சிறு கைக்கு அது எட்டவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தோளை முன்னே தள்ளி எட்டிப் பிடித்தாராம்!

பாட்டனார் கிதார் வாசிக்கக்கூடியவர். அவருடன் உட்கார்ந்து, காதில் விழுந்த பாடல்களையெல்லாம் தாமே வாசித்துப் பழகினார். எட்டு வயதில் உள்ளூர் வானொலியில் தனியாக வாசிக்கும் அளவுக்குத் தேர்ந்துவிட்டார். இது முதல் கல்வி. கையும் காதும் பெற்ற கல்வி.

இரண்டாவது கல்வி

1937இல் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஆல்மா ஹைட்டவர் என்ற ஆசிரியை, கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஓர் இளைஞர் வாத்தியக் குழுவை நடத்திவந்தார். அதில் மெல்பா சேர்ந்தார். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கவும், பலரோடு ஒழுங்குபட இணைந்து வாசிக்கவும், அவையில் நிற்கும் முறைமையும் அங்கே பயின்றார். பதினாறாம் வயதில் வாத்தியக் கலைஞர் சங்கத்தில் உறுப்பினராகி, நான் முன்பு சொன்ன பார்டு அலீயின் குழுவுக்கு வந்தார்.

அந்த அரங்கில்தான் அவருடைய வாழ்க்கையை நிர்ணயித்த பயிற்சி தொடங்கிற்று. நம் திரைப்பட இசைக்கூடங்களில் 'அரேஞ்சர்' என்று ஒருவரைச் சொல்வார்களே, அந்த வேலை. மெட்டு ஒருவருடையதாக இருக்கும். அதை எந்த வாத்தியம் எடுக்க வேண்டும், எந்த வாத்தியம் அடியில் தாங்க வேண்டும், எங்கே அனைவரும் சேர வேண்டும், எங்கே ஒருவரைத் தனியே விட வேண்டும் என்பதை எழுதுபவர் அரேஞ்சர். பதினைந்து பேருக்குப் பதினைந்து தாள் எழுத வேண்டும். பதினைந்து தாளும் ஒரே நேரத்தில் அவர் காதுக்குள் ஒலிக்க வேண்டும். அடுத்துச் சேர்ந்த ஜெரால்ட் வில்சன் குழுவில் இந்த வேலையை அவர் மேலும் ஊன்றிக் கற்றார். கூட்டத்தின் முன்னே நின்று தனித்து வாசிப்பதைக் காட்டிலும் எழுதுவதிலேயே அவருக்கு நாட்டம் மிகுந்தது. 1947இல், இளமைக்காலம் முதல் பழகிய டெக்ஸ்டர் கார்டன் என்ற சாக்ஸபோன் கலைஞருடன் வாசித்து இசைத்தட்டிலும் பதிந்தார்.

1940களின் இறுதியில், ஜாஸ் இசையின் முன்னணிக் கலைஞரான டிஸ்ஸி கில்லெஸ்பி தம் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார். கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு பெண்ணைத் தருவிக்க வேண்டுமா என்று கில்லெஸ்பி குழுவின் ஆண்கள் ஒருமுறை முணுமுணுத்ததை மெல்பாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் வாதாடவில்லை. தாம் எழுதிய தாள்களை அவர்கள் முன் வைத்தார். முணுமுணுத்தவர்களால் அதைத் தட்டுத் தடுமாறாமல் வாசிக்க முடியவில்லை. அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். அவர் டிராம்போனை நன்றாக ஊதுபவராக மட்டும் இருந்திருந்தால், அக்குழுவில் ஏற்கனவே இருந்தவர்களோடு இன்னொருவர் என்றே எண்ணியிருப்பார்கள். எழுதத் தெரிந்தவர் என்பதனால் அவரை அவர்களால் தள்ளிவைக்க முடியவில்லை.

பயணமும் பாடும்

அவருடைய பாதை மலர் தூவிய பாதையாக இருக்கவில்லை. 1949இல் பாடகி பில்லி ஹாலிடேயுடன் அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு ஜெரால்ட் வில்சன் குழுவில் அவர் பயணம் போனார். கறுப்பினத்தார்க்குத் தங்க விடுதியும், உண்ணச் சாப்பாட்டுக் கடையும் கிட்டாத பகுதி அது. கூட்டம் சேரவில்லை. பயணம் பாதியில் முறிந்து, கையில் காசின்றி அனைவரும் தவித்தனர். பெண்ணொருத்தி ஆண்களோடு ஊர் ஊராகச் செல்லும்போது நேரக்கூடிய கொடுமைகள் தமக்கும் நேர்ந்தன என்று முதுமையில் அவர் வெளிப்படையாகவே கூறினார். இதனை நான் மறைத்து எழுதினால் அது உங்களுக்கு நான் செய்யும் வஞ்சகமாகும்.

மனம் வெறுத்து அவர் கருவியைக் கீழே வைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் கல்வி வாரிய அலுவலகத்தில் எழுத்தராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். திரைப்படங்களில் சிறு வேடங்களும் ஏற்றார். ஆனால் அவர் எழுதத் தெரிந்தவர் என்பதை மறவாத ஒருவர் இருந்தார். 1956இல் கில்லெஸ்பி மீண்டும் அழைப்பு அனுப்பினார்.

அந்த ஆண்டின் பயணம் நமக்கு ஆர்வமூட்டக்கூடியது. அமெரிக்க அரசின் வெளியுறவுத் துறை முதன்முதலாக ஒரு ஜாஸ் குழுவை அயல்நாடுகளுக்கு அனுப்பிவைத்தது. ஈரானின் அபாதான் நகரில் தொடங்கிய பயணம், அப்போது கிழக்குப் பாகிஸ்தானிலிருந்த டாக்கா, பின்னர் கராச்சி, பெய்ரூட், டமாஸ்கஸ், அலெப்போ, அங்காரா, இஸ்தான்புல் என்று தொடர்ந்து, யூகோஸ்லாவியாவையும் கிரீஸையும் எட்டிற்று. பார்டு அலீயின் தந்தை வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்றார். அவருடைய மகனிடம் தொழில் பழகிய பெண் அமெரிக்காவிலிருந்து வங்காளத்துக்கு வந்தார்! இறைவன் மனிதர்களை இணைக்கும் விதம் வியப்புக்குரியது.

அமெரிக்காவின் மாண்டகாமரி நகரில், பேருந்தில் சமமாக அமரும் உரிமைக்காகக் கறுப்பின மக்கள் போராடிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அந்நாட்டு அரசு கறுப்பினக் கலைஞர்களைத் தன் பெருமைக்குச் சான்றாக உலகெங்கும் காட்டிற்று என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். கலைஞர்கள் அதனை அறியாதவர்கள் அல்லர். அங்காராவில் ஒரு விருந்து நிகழ்ச்சியில், வேலிக்கு வெளியே நின்ற தெருப்பிள்ளைகளை உள்ளே விடும்வரை வாசிக்க மாட்டேன் என்று கில்லெஸ்பி மறுத்துவிட்டார். பிள்ளைகள் உள்ளே வந்த பிறகே இசை தொடங்கிற்று.

அக்குழுவில் வாத்தியம் வாசித்த பெண் மெல்பா ஒருவரே. சென்ற நாடுகளில் பெண்கள் அவரைத் தேடிவந்து, அமெரிக்காவில் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், குடும்பத்தை விட்டு இப்படிப் பயணம் செய்ய எப்படி முடிகிறது என்றெல்லாம் வினவியதை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். நம் சகோதரிகள் அன்று கேட்ட அக்கேள்விகள் இன்னும் பழையதாகிவிடவில்லை.

பிறர் பெயரில் வாழ்ந்த உழைப்பு

1958இல் தம் பெயரில் ஓர் இசைத்தட்டைப் பதிந்தார். வாழ்நாள் முழுவதிலும் தம்மைத் தலைவராகக் கொண்டு அவர் வெளியிட்ட இசைத்தட்டு அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் பிறர் பெயரில் வந்தவை. குவின்சி ஜோன்ஸ், மில்ட் ஜாக்சன், மார்வின் கே என்று அவர் எழுதிக்கொடுத்தோர் பட்டியல் நீளும். அவர்களுள் தலையாயவர் ராண்டி வெஸ்டன் என்ற பியானோ கலைஞர். 1958 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு நெருக்கமாக இருவரும் சேர்ந்து பணியாற்றினர்.

1960இல் பதிவான 'உஹுரு ஆஃப்ரிகா' என்ற படைப்பு அவற்றுள் பெயர் பெற்றது. உஹுரு என்பது சுவாஹிலி மொழியில் விடுதலை. அதுவும் அரபியிலிருந்து வந்த சொல். 'ஹுர்' என்ற வேரை நம் மத்ரஸாப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பதினேழு விடுதலை பெற்ற ஆண்டு அது. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் சொற்களைத் தந்தார், மெட்டு வெஸ்டனுடையது, இருபதுக்கும் மேற்பட்ட கலைஞர்களுக்கு அதனை வகுத்து எழுதியவர் மெல்பா. நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்க அரசு 1964இல் அதற்குத் தடை விதித்தது. எழுதிய கை எத்துணை வலியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

வெஸ்டன் பின்னர் மொராக்கோவின் தஞ்சா நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். உலகம் சுற்றிய நம் இப்னு பதூதா பிறந்த நகரம் அது. அந்நகரின் பெயரையே கொண்டு 1973இல் வெளிவந்த இசைத்தட்டுக்கும் மெல்பாவே இசைக்கோர்வை செய்தார். அதே ஆண்டு ஜமைக்கா நாட்டுக்குச் சென்று 1979 வரை அங்கே இசை கற்பித்தார். ஆல்மா ஹைட்டவரிடம் தாம் பெற்றதை, வேறொரு தீவின் பிள்ளைகளுக்குத் திருப்பித் தந்தார் என்றுதான் நான் கொள்கிறேன்.

கை ஓய்ந்த பிறகு

1985இல் அவரைப் பக்கவாதம் தாக்கிற்று. உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்தார். ஏழு வயதில் எட்டாத இடத்தை எட்டிப் பிடித்த கைக்கு மீண்டும் டிராம்போன் கிட்டவில்லை. வாசிப்பவராக மட்டும் அவர் இருந்திருந்தால் வரலாறு இந்த வரியோடு முடிந்திருக்கும்.

முடியவில்லை. கணினியின் உதவியால் இசைக்குறிப்பு எழுதப் பழகிக்கொண்டார். 1987இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் ஜாஸ் கலைஞர்களுக்கு வழங்கும் உயரிய விருதைப் பெற்றார். 1991இல் வெஸ்டனின் பெரிய படைப்பொன்றுக்குச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே இசைக்கோர்வை எழுதினார். அதில் ஒரு பகுதியை வாசிக்க வந்தவர் யார் தெரியுமா? டிஸ்ஸி கில்லெஸ்பி! 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், எழுபத்து மூன்றாம் வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மெல்பா காலமானார்.

கை அல்லாஹ் தந்த அமானிதம். அதை அவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறுவான். அக்கை இயங்கும் காலத்தில் நாம் தேடிக்கொண்ட அறிவு, கை ஓய்ந்த பிறகும் நம்மோடு தங்கக்கூடும்.

எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு

இதனை நான் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மூன்றாண்டுகளாக வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்கிறாள். ஊரில் நிக்காஹ் என்றால் மணப்பெண்ணின் ரவிக்கை அவளிடம்தான் வரும். அதற்கு நல்ல கூலியும் கிடைக்கிறது. இப்போது வெளியூர்க் கல்லூரியில் ஆடை வடிவமைப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். அவளுடைய அத்தாவுக்கு விருப்பம் இல்லை. "கையில் தொழில் இருக்கிறது, வீட்டிலேயே வருமானம் வருகிறது, இதற்குமேல் படித்து என்ன ஆகப்போகிறது?" என்பது அவர் கேள்வி. பிள்ளையைத் தனியே அனுப்புவதற்கு அஞ்சுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். என் சொல்லுக்காக வீட்டார் காத்திருக்கிறார்கள்.

பேத்தி என்னிடம் ஒன்று சொன்னாள். "நன்னா, வேறு யாரோ வரைந்த கோட்டின் மேல்தான் நான் ஊசி போடுகிறேன். அந்தக் கோட்டை வரைய எனக்குத் தெரிய வேண்டும்."

அச்சொல்லைக் கேட்டபோது எனக்கு மெல்பாவின் நினைவு வந்தது. பிறர் எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பவருக்கும் தாளையே எழுதுபவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்தப் பிள்ளை ஊசிமுனையில் அமர்ந்தபடியே உணர்ந்திருக்கிறாள். ஆரி வேலை கண்ணைக் கேட்கும், முதுகைக் கேட்கும். நாற்பது வயதில் கண் மங்கினால் கூலி நின்றுபோகும். கோடு வரையத் தெரிந்தவளுக்கு அப்போதும் தொழில் இருக்கும். பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கவும் முடியும்.

அவளுடைய அத்தாவின் அச்சத்தையும் நான் அற்பமாக எண்ணவில்லை. மெல்பா பட்ட துன்பங்களைப் படித்த எவரும் அவ்வாறு எண்ண மாட்டார்கள். ஆனால் அச்சத்துக்கு மருந்து கதவைத் தாழிடுவது என்றால், ஆபத்தோடு கல்வியும் வெளியே நின்றுவிடுகிறது. பெரியவர்கள் கூடவே போகலாம். விடுதியைப் பார்க்கலாம். பொறுப்பாளரிடம் பேசலாம். அருகில் உறவினர் வீடு உண்டா என்று விசாரிக்கலாம். மாதம் இருமுறை போய்வரலாம். நமக்குச் சிரமம்தான். அந்தச் சிரமத்தைத் தவிர்க்கப் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது நியாயமாகுமா?

நான் முடிவு செய்துவிட்டேன். மருமகனிடம் நாளை பேசப்போகிறேன். அடுத்த வாரம் அவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியையும் விடுதியையும் பார்த்து வருவது என்று எண்ணியிருக்கிறேன். மனத்துக்கு ஒப்பினால், இன்ஷா அல்லாஹ், பணம் கட்டிவிட்டுத்தான் திரும்புவோம்.

உங்கள் வீட்டிலும் நன்றாகத் தைக்கிற, நன்றாகச் சமைக்கிற, நன்றாகக் கணக்குப் போடுகிற ஒரு பிள்ளை இருக்கக்கூடும். "இவளுக்குத்தான் எல்லாம் வருமே" என்று பெருமையாகச் சொல்லி அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் என்ன கற்க விரும்புகிறாய் என்று அவளிடம் ஒருமுறை கேளுங்கள். அவள் சொல்வது நமக்குப் புரியாததாகவும், செலவு மிக்கதாகவும், அவள் உயரத்துக்குப் பொருந்தாததாகவும் தோன்றலாம். டிராம்போனைக் கேட்ட ஏழு வயதுப் பிள்ளையின் தாய்க்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.